உட்கார ஓர் இடம்

(பாவூர்சத்திரத்தில் வாசகர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சமூக அமைப்பு: சொல்லும் பொருளும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். போனில் கேட்டபோது நான் தலையாட்டினேன். "போன்ல தலையாட்டுனா அவுகளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் வீட்டுக்காரி. அதற்குப் பிறகுதான் வாய் திறந்து சரி என்றேன். சொன்ன பிறகு பயம் வந்தது. சமூகம் ஒரு கடல், அமைப்பு இன்னொரு கடல். ஒரு சாயங்காலத்தில் எதை மொண்டு கொடுப்பது?

இன்றைக்குத் திருநெல்வேலி பஸ்ஸில் வந்தேன். ஆலங்குளம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில், "பாவூர்சத்திரம்லாம் முன்னால வாங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். எத்தனையோ வருஷமாகக் கேட்கிற குரல்தான். இன்றைக்கு அந்தச் 'சத்திரம்' மட்டும் காதில் தங்கிவிட்டது. பேச்சுக்குப் பிடி கிடைத்தது என்று இறங்கினேன்.

சத்திரம் வடமொழி 'ஸத்ர' வழியாக வந்த சொல். அதன் வேருக்கு உட்காருதல் என்று பொருள். வேத காலத்தில் பல பேர் பல நாள் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேள்விக்கு அந்தப் பெயர். மற்ற வேள்விகளில் செலவு செய்கிறவர் ஒருத்தர், கூலிக்கு ஓதுகிறவர்கள் பல பேர். ஸத்ரத்தில் அப்படி இல்லை, உட்கார்ந்தவர்கள் எல்லாருமே வேள்வியின் சொந்தக்காரர்கள், பலனும் எல்லாருக்கும் பொது. பிற்பாடு அங்கே போட்ட சோற்றுக்கு அந்தப் பெயர் வந்தது. அப்புறம் சோறு போட்ட கட்டடத்துக்கு, கடைசியில் கட்டடம் இருந்த ஊருக்கு. ஆக, உட்கார்ந்ததில் பிறந்த சொல்லை வைத்துக்கொண்டு இன்றைக்கு "இறங்கு, இறங்கு" என்று விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதில் நமக்கு ஒரு விசேஷம் உண்டு. பக்கத்தில் இருக்கிற கீழப்பாவூர் என்பது ஊர். குளம், வயல், நரசிம்மர் கோவில் என்று தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களின் இடம். பாவூர்சத்திரமோ சாலையின் பிள்ளை. ஊருக்குள் நுழைந்தால் "யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்பார்கள். சத்திரத்தில் "எங்கே போறீரு?" என்பார்கள். பிறப்பைக் கேட்கிற அமைப்பு ஒன்று, பயணத்தைக் கேட்கிற அமைப்பு ஒன்று. சத்திரங்கள் எல்லாம் சமத்துவச் சோலைகளாக இருந்தன என்று சொல்ல வரவில்லை. இன்னாருக்கு இந்தப் பந்தி, இன்னாருக்குத் திண்ணையோடு சரி என்று பிரித்தவை ஏராளம். ஆனாலும் அங்கே கேட்ட கேள்வி வேறு.

இப்போது சமூகம் என்ற சொல்லுக்கு வருவோம். வடமொழியில் 'ஸமூஹ' என்றால் சேர்த்துத் தள்ளிக் குவித்தது. அதே வேரிலிருந்து அந்த மொழியில் துடைப்பத்துக்கே ஒரு பெயர் உண்டு. முற்றத்தில் சிதறிக் கிடக்கிற சருகை ஒரு மூலையில் கூட்டிக் குவிக்கிறோம் அல்லவா, அந்தக் குவியல்தான் சமூகம். தமிழில் 'கூட்டம்' என்ற சொல்லைப் பாருங்கள். மனிதர்கள் கூடுவதும் கூட்டம். காலையில் வாசலைக் கூட்டுவதும் கூட்டல்தான். துடைப்பத்தையும் சமூகத்தையும் பக்கத்தில் வைக்க இரண்டு மொழிக்கும் எப்படியோ தோன்றியிருக்கிறது.

பழைய கடிதங்களில் 'சமுகத்துக்கு' என்று விலாசம் எழுதுவார்கள். அது வேறு சொல். ஸம்முகம், அதாவது முகத்துக்கு நேரே, பெரியவரின் முன்னிலையில். காலப்போக்கில் இரண்டும் எழுத்தில் குழம்பின. ஈழத்து வானொலி கேட்டவர்களுக்குத் தெரியும், "தலைவர் கூட்டத்துக்குச் சமூகமளிக்கவில்லை" என்பார்கள். வரவில்லை என்று அர்த்தம். சின்ன வயசில் கேட்டு, தலைவர் சமூகத்தைத் தராமல் எங்கே வைத்துக்கொண்டார் என்று யோசித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் அந்தக் குழப்பம் பிடித்திருக்கிறது. வந்து முகம் காட்டினால்தானே சமூகம்?

சமுதாயம் இன்னொரு ரகம். தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தைப் பிரிக்காமல் ஊராகச் சேர்ந்து வைத்திருந்தால் அதைச் சமுதாயக் கிராமம் என்று வருவாய்க் கணக்கில் எழுதினார்கள். பங்கு பிரித்த பிறகு சமுதாயம் போய்விடும், பங்காளிகள்தான் மிஞ்சுவார்கள். 'பங்காளி' என்பதும் நல்ல சொல். பங்கை ஆள்கிறவன். கம்பெனிக்காரன் அதையே பங்குதாரர் என்கிறான், அதில் சண்டை கொஞ்சம் கம்மி.

இவை வடக்கிலிருந்து வந்த சொற்கள், சரி. நம்முடைய சொற்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அநேகமாக எல்லாமே இடத்தின் பெயர்கள். மன்றம் என்பது ஊர் நடுவே மரத்தடியில் இருந்த வெளி. அந்த வெளிதான் இன்றைக்கு நீதிமன்றம், சட்டமன்றம், ரசிகர் மன்றம். அம்பலமும் வெளிதான். குற்றாலத்தில் சித்திரசபை இருக்கிறதே, கூத்தனின் ஐந்து அம்பலங்களில் ஒன்று, அந்த அம்பலம். சிவகங்கைப் பக்கம் போனால் ஊர்த் தலைவரையே அம்பலம் என்பார்கள். மலையாளத்தில் கோவில் அம்பலம். ரகசியத்தைப் பத்துப் பேர் நடுவே போட்டு உடைத்தால் அம்பலப்படுத்துவது. இங்கிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிற மலைத்தொடரில் பொதியில் இருக்கிறது. சங்க நூல்களில் பொதியில் என்ற சொல் மலைக்கும் வழங்குகிறது, ஊர்ப் பொதுவிடத்துக்கும் வழங்குகிறது. பொது இல், எல்லாருக்குமான வீடு. மலைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அறிஞர்கள் வாதாடட்டும். மழை பெய்து ஆற்றில் வருகிற தண்ணீரைப் பார்க்கிறவனுக்கு அந்தப் பெயரில் சந்தேகம் வராது.

கழகம் இன்னும் வேடிக்கை. திருக்குறளில் சூது அதிகாரத்தில் கழகம் வருகிறது, சூதாடும் இடம் என்ற பொருளில். பின்னால் அது கற்றவர் கூடும் இடமாயிற்று. 1920-இல் திருநெல்வேலியில் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தொடங்கினார்கள். புத்தகக்காரர்கள் 'கழகப் பதிப்பு' என்று சொன்னால் அதுதான். 1944-இல் சேலத்தில் திராவிடர் கழகம், 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகம். அப்புறம் பல்கலைக்கழகம், நான் வந்த பஸ்ஸின் போக்குவரத்துக் கழகம். சூதாட்டக் கொட்டகையிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் ஏறிய சொல் உலகத்தில் வேறு உண்டா, தெரியவில்லை. அரசியலில் அது பழைய பொருளை முழுசாக விட்டுவிட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

உட்காரும் இடம் அமைப்பாக மாறுவதற்கு ரசிகமணி டி.கே.சி. நல்ல உதாரணம். திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றத்தில் வட்டமாக ஒரு தொட்டிக்கட்டு. அங்கே உட்கார்ந்து கம்பனைப் பேசினார்கள். தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, சந்தா இல்லை, தீர்மானம் இல்லை. உட்கார்ந்த இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராயிற்று, வட்டத்தொட்டி. பிறகு அவர் குற்றாலத்துக்கு வந்தார், தொட்டியும் அவரோடு வந்தது. இடம் மனிதர்களாக மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமைப்பு என்று இப்போது சொல்கிறோம். அமை என்ற வினை. பொருந்தி உட்காருவது. அமர்வதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. ஆங்கிலத்தில் ஆர்கனைசேஷன் என்கிறார்களே, அதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்குக் கருவி என்று பொருள், வேலை செய்ய உதவுவது. அவர்களுக்கு அமைப்பு என்றால் ஆயுதம் ஞாபகம் வருகிறது. நமக்கு இடம் ஞாபகம் வருகிறது. இடம் என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும். அங்கே யார் உட்காரலாம்?

இந்தக் கேள்வியை நம் பக்கத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற சாலையில் மானூர். உத்திரமேரூர்க் கல்வெட்டு எல்லாருக்கும் தெரியும். பராந்தக சோழன் காலம், 919, 921. முப்பது குடும்பு, பானையில் ஓலை, பள்ளிக்கூடத்திலே படித்தாயிற்று. அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தியது மானூர்க் கல்வெட்டு. மாறஞ்சடையன் என்ற பாண்டியனின் 35-ஆம் ஆட்சியாண்டு, ஏறக்குறைய கி.பி. 800. அது இருப்பது அம்பலவாணர் கோவில் என்பதையும் கவனியுங்கள். நம் ஊர்க்காரர்கள் உத்திரமேரூரை ஒப்பிப்பார்கள், மானூரைத் தாண்டித்தான் சங்கரன்கோவில் ஆடித் தபசுக்குப் போவார்கள், எட்டிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு.

அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது? மானூர் பிராமணர்களின் ஊர். நிலத்தில் பங்கு உள்ளவர்களின் சபை. அந்தச் சபையில் உறுப்பினராக இருக்கும் உரிமைக்குச் சிராவணை என்று பெயர். கேட்பது என்ற பொருள் உள்ள வேரிலிருந்து வந்த சொல். என்ன அழகு பாருங்கள். உறுப்பினர் என்றால் அவர் பேச்சு காதில் விழ வேண்டும். வேதமும் ஒரு தர்ம நூலும் படித்து ஒழுக்கமாக இருப்பவருக்குத்தான் அது. ஒரு பங்குக்கு ஒருவர். விலைக்கு வாங்கிய பங்கோ, தானமாகவோ சீதனமாகவோ வந்த பங்கோ, எதுவானாலும் முழுச் சிராவணைதான் உண்டு. கால், அரை, முக்கால் சிராவணை கிடையாது. முழுச் சிராவணை இல்லாதவருக்கு எந்த வாரியத்திலும் இடமில்லை. இன்றைக்கு மின்வாரியம், வீட்டுவசதி வாரியம் என்கிறோமே, அதே வாரியம்தான்.

அடுத்த விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சபையில் எதை எடுத்தாலும் "அன்று, அன்று" என்று மறித்துக்கொண்டே இருப்பதைக் குத்துக்கால் செய்வது என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. குத்துக்கால் செய்கிறவருக்கும், அவருக்கு ஒத்துப் போகிறவருக்கும் ஒவ்வொன்றுக்கும் அஞ்சு காசு தண்டம். காசைக் கட்டிவிட்டு விதிக்கும் கட்டுப்பட வேண்டும். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே கமிட்டிக் கூட்டங்களில் இதே தலைவலி இருந்திருக்கிறது! ஆனால் இதை மக்களாட்சி என்று மார் தட்ட வேண்டாம். அந்த ஊர் வயலில் நாற்று நட்டவர்களுக்கு அந்தச் சபையில் கால் சிராவணை அல்ல, காலணா மதிப்பும் இல்லை. அவர்கள் குத்துக்காலும் செய்திருக்க முடியாது, அன்று என்று சொல்ல வாய் திறந்தால்தானே?

யார் உட்காரலாம் என்பதோடு ஒட்டிய கேள்வி, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம். கம்பெனி என்ற சொல் லத்தீனில் சேர்ந்து ரொட்டி தின்பவர்கள் என்ற பொருளில் பிறந்தது. நம் முன்னோர் 'கும்பினி' என்று சொன்ன கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பொருத்தமான பெயர். தின்றவர்கள் அவர்கள், ரொட்டி நாம். இங்கே பீடிக் கம்பெனிக்கும் அதே சொல். வீட்டில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள் அந்தக் கம்பெனிக்காரரோடு எந்தக் காலத்தில் ஒரு பந்தியில் உட்கார்ந்தார்கள்?

நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவில் ஓர் அமைப்பு பந்தியிலேயே உடைந்திருக்கிறது. வ.வே.சு. ஐயர் 1922-இல் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் தொடங்கி, சேரன்மாதேவிக்கு மாற்றினார். தேசபக்தியும் தமிழும் கைத்தொழிலும் கற்பிக்கிற பள்ளி. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 கொடுத்திருந்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனிச் சாப்பாடு என்று தெரிந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். ஐயர் லண்டனில் சாவர்க்கரோடு இருந்தவர், வேஷம் மாறித் தப்பி வந்தவர், கம்பனை ஆங்கிலத்தில் எழுதியவர். பெரிய மனசுக்காரர்தான், பந்தியில் மட்டும் தடுக்கிவிட்டார். 1925 ஜூனில் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் மகளைக் காப்பாற்றக் குதித்து உயிரை விட்டார். அதே வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். பின்னால் வந்த அரசியல் முழுவதற்கும் இரண்டு இலைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு இலையைத் தள்ளி வைத்துவிட்டு அதை எழுத முடியாது.

இடச் சொற்கள் எப்படி அழுக்காகின்றன என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். சேரி. சேர்ந்து இருக்கிற இடம், அவ்வளவுதான். சோழர் கல்வெட்டுகளில் பிராமணர் வாழ்ந்த பகுதியும் சேரிதான், கம்மாளர் தெருவும் சேரிதான். வர வர ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் அந்தச் சொல்லை ஒதுக்கி, அதில் அசிங்கத்தையும் ஏற்றினோம். அடுத்து, அந்தச் சொல் வேண்டாம் என்று காலனி கொண்டுவந்தோம். லத்தீனில் உழவர் குடியேறிய இடம். சென்னையில் பேங்க் காலனி என்றால் வாடகை கூடும். நம் கிராமத்தில் "அவன் காலனிக்காரன்" என்றால் சொல்கிறவன் குரல் தாழும். 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்லது. ஆனால் சேரியை எடுத்துவிட்டுக் காலனி வைத்தவர்களும் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். அடுத்து வைக்கிற சொல்லுக்கும் நாம் தாழ்கிற குரலைக் கொடுத்துவிடுவோமோ என்பதுதான் என் கவலை.

மற்றவற்றை வேகமாகத் தாண்டுகிறேன், மைக்காரர் மணியைப் பார்க்கிறார். தேவாலயங்களைச் சேர்த்துச் சேகரம் என்பது திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களின் சொல், சேர்த்து வைத்தது. கடையநல்லூரில் ஜமாஅத், அரபியில் அதுவும் ஒன்று சேர்வதுதான். வெள்ளிக்கிழமை ஜும்மாவும், தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியும் அதே வேர். சொசைட்டிக்கு மூலச் சொல் தோழனைக் குறிக்கும். நம் விவசாயிக்குச் சொசைட்டி என்றால் 1904 சட்டத்தோடு தொடங்கிய கூட்டுறவுச் சங்கம். "சொசைட்டியில உரம் வந்துட்டா?" என்பார்கள். தோழன் உரமாகிவிட்டான்.

ஆனால் குழுவைத் தாண்டிப் போக முடியாது. 1989-இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. பெண்கள் தாங்களே சேர்ந்து, தாங்களே சேமித்து, தங்களுக்குள்ளே கடன் கொடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு நம் தெருவில் போய்க் கேளுங்கள். "இன்னைக்குக் குழு கட்டணும்", "குழுக்காரரு வாராரு, நான் வீட்டுல இல்லன்னு சொல்லு". குழு என்றால் வாரத் தவணை. பைக்கில் வருகிற கடன் கம்பெனிப் பையனும் குழுதான். சேர்வதற்கு இருந்த சொல் ஒளிவதற்கு ஆகிவிட்டது. எந்த அகராதியிலும் இந்தப் பொருள் ஏறியிருக்காது. ஏற வேண்டும் என்பேன்.

கடைசியாக, என் ஊர்ச் சொல் ஒன்று. கோவில் கொடைக்கு நோட்டீஸ் அடிப்பார்கள். கீழே 'இங்ஙனம், ஊர் வரிதாரர்கள்' என்று இருக்கும். வரி என்றால் கோடு. கோடு எழுத்தாயிற்று, எழுத்துக் கணக்காயிற்று, கணக்கு வரியாயிற்று. வரி போடுவது தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தனியாக உலை வைத்தாலும் பெண் தலைக்கட்டு இல்லை. பல ஊர்களில் புருஷன் போனால் வரி இல்லை, அல்லது அரை வரி. சலுகை என்றுதான் சொல்வார்கள். சலுகைதான். ஆனால் வரி கொடுக்காதவருக்குக் கோவில் கூட்டத்தில் பேச்சும் இல்லை.

நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பெரியப்பா தை மாதம் இறந்துபோனார். சித்திரையில் கொடை. கமிட்டியோடு வரி நோட்டைத் தூக்கிக்கொண்டு போனவன் நான், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. பெரியம்மை வீட்டைத் தாண்டிப் போனோம். பழைய நோட்டில் பெரியப்பா பேர் மேல் யாரோ கோடு போட்டிருந்தார்கள். நானும் புது நோட்டில் எழுதவில்லை. பெரியம்மை திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். முந்தியில் பணத்தை முடிந்து வைத்திருந்தாள். கூப்பிடவில்லை. சாயங்காலம் போனபோது சொன்னாள்: "தலை போயிட்டுல்லா, இந்த வீட்டுல கட்டு மட்டுந்தான மிச்சம்." மறுநாள் தலைக்கட்டுக்கு ஒரு தேங்காய்முறியும் பழமும் திருநீறும் கொடுத்தார்கள். அவள் வீட்டுக்குப் போகவில்லை.

அடுத்த வருஷம் நான் கமிட்டியில் சண்டை போட்டேன். மானூர்க் கல்வெட்டு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு அஞ்சு காசு தண்டம் என்று அவர்களுக்கே எடுத்துக் கொடுத்திருப்பேன். கடைசியில் அரை வரி என்று முடிந்தது. ரசீது எழுத வேண்டும். பெரியம்மை பேரைப் போட ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. வழக்கம் இல்லையாம். ஒரு பெரியவர் வழி சொன்னார்: பெரியப்பா பேரைப் போட்டு, பக்கத்தில் 'வகையறா' என்று எழுதிவிடு.

வகையறா நமக்குக் குலம், கொத்து, குடும்பம். மூலத்தில் அது உருது வழியாக வந்த அரபிச் சொல். 'இன்ன பிற' என்று பொருள். பட்டியலில் பெயர் சொல்லத் தேவையில்லாதவர்களுக்கு வைத்த சொல். அது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

ரசீதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பெரியப்பா பேரைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் அந்தக் கடைசிச் சொல்லில் விரலை வைத்துக் கேட்டாள்: "ஏலே, இது நாந்தானா?"